முப்பத்திரண்டு இறாத்தல் காற்று

பேரின்பநாயகத்தின் கார் டயரில் காற்றுக் குறைந்த முதல் நாளே அவர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்காக அவர் எங்கேயும் அலையவில்லை. டயரைப் பார்த்தார், நிமிர்ந்து கீழ்வீட்டு ஜன்னலைப் பார்த்தார், விசாரணை முடிந்தது.

கீழ்வீட்டில் இருந்தவர் தியாகலிங்கம். பேரின்பநாயகத்தின் மனைவி புஷ்பவதிக்கு உலகத்தில் இருந்த ஒரே தங்கை கௌசலா. அவளைக் கட்டியவர் தியாகலிங்கம், ஆகவே சகலன். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கிரேக்கக் கிழவருடைய வீட்டில் அக்கா குடும்பம் மேலே, தங்கை குடும்பம் கீழே. மேலே மீன் பொரிக்கும் சத்தம் கேட்டால் கீழே சோற்றுக் கோப்பையைக் கழுவத் தொடங்கிவிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கையில் இரண்டு கார் நிற்க இடமிருந்தது. இரண்டு கார்களும் காதோடு காது உரசிக்கொண்டு, அவையும் ஒரு வயிற்றில் பிறந்தவை போலவே நின்றன.

இதெல்லாம் தீபாவளிக்கு முன்பு. தீபாவளியன்று வந்திருந்த சனத்துக்கு நடுவில் தியாகலிங்கம் தன்னுடைய பழுப்பு நிறக் காரைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசினார். பேரின்பநாயகம் வாயில் முறுக்கோடு, அது கார் இல்லை, தகரப் பெட்டிக்கு நாலு சில்லுப் பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். சிரிப்பு எழும்பியது. அந்தச் சிரிப்பு பார்க் மெட்ரோவில் ஏறி ஆற்றுக்கு அப்பால் லாவாலில் போய் இறங்கியது என்பார்கள், லாவாலுக்கு அப்போது மெட்ரோவே கிடையாது, அவ்வளவு பெரிய சிரிப்பு. தியாகலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் குளிர் வந்தது. குளிரோடு சேர்ந்து காற்றும் போனது.

மட்டக்களப்பில் பிறந்த மனிதருக்கு டயரில் காற்றுக் குறைவதற்கு இரண்டே காரணங்கள்தான் தெரியும். ஒன்று ஆணி, இல்லாவிட்டால் ஆள். பேரின்பநாயகம் நாலு டயரையும் தடவிப் பார்த்தார். நாலிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தது. நாலு ஆணிகள் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் ஒரே அளவாகக் குத்துவதில்லை. ஆகவே ஆள்தான். இந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு. இளவயதில் திருவிழாக் கூட்டங்களில் வேண்டாதவர்களின் சைக்கிள் வால்கட்டைகளை அவர் கழற்றித் திறந்துவிட்ட காற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்திருந்தால் ஒரு வருடத்துக் கச்சான் காற்றுக்குக் காணும். கோபம் வந்த மனிதன் இன்னொருவனின் காற்றைத் திறந்துவிடுவான் என்பது அவருக்கு இயற்கையின் விதி. காற்று தானாகவே குறையும் என்பது அவர் கேள்விப்படாத விதி.

பேனை போல ஒரு காற்றளவி வாங்கிவந்து குத்திப் பார்த்தார். கார்க் கதவின் விளிம்பில் ஒட்டியிருந்த தாளில் சும்மா ஓடுவதற்குக் காற்றழுத்தம் முப்பத்திரண்டு இறாத்தல், ஆளும் சாமானும் ஏற்றித் தூரப் பயணம் போக முப்பத்தைந்து என்று போட்டிருந்தது. காற்றளவி இருபத்தாறு காட்டியது. ஆறு இறாத்தலை ஒரு மனிதன் திருடியிருக்கிறான். பாண் ரொட்டியாக இருந்தால் ஒரு குடும்பம் மூன்று நாளைக்குச் சாப்பிடும்.

பெற்றோல் நிலையத்துக்குப் போய் அடித்துக்கொண்டு வரும்படி புஷ்பவதி சொன்னாள். அவர் மறுத்துவிட்டார். திறந்தவனே வந்து அடிக்கட்டும் என்பது அவருடைய சபதம். அந்தச் சபதத்தோடு அவர் மார்கழி முழுவதும் கார் ஓடினார். கார் ஒரு கர்ப்பிணிப் பசுவைப் போல அசைந்து அசைந்து போனது. வளைவுகளில் அது வலிந்து மூச்செடுப்பது அவர் வேலை செய்த தையல் தொழிற்சாலை வரைக்கும் கேட்டது. அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கைகள்கூட அந்த மாதம் கொஞ்சம் சரிந்தே வந்தன. ஆனாலும் அடிக்கவில்லை.

படிக்கட்டில் நின்று, கீழ்வீட்டுக் கதவுக்குக் கேட்கிற மாதிரி, ஆம்பிளையென்றால் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும், காற்றைத் திறந்துவிடுவது பொடியன்களின் வேலை என்று சொன்னார். பதில் டெலிபோனில் வந்தது. கீழேயிருந்து கௌசலா மேலே அக்காவுக்கு அடித்து, அத்தான் முதலில் தன்ட கையைப் பார்க்கட்டாம் என்று சொன்னாள். பேரின்பநாயகம் தன்னுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பதில் அவருக்கு விளங்கவில்லை, விளங்காததால் கோபம் இரட்டிப்பானது.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்களும் கதைக்கவில்லை. சகோதரிகள் இரண்டு பேரும் பத்தடிக்கு மேலும் கீழுமாக இருந்துகொண்டு டெலிபோனில் கதைத்தார்கள். புருஷன்மார் வேலைக்குப் போன பிறகு பின்பக்கப் படியால் கறிக் கிண்ணங்கள் ஏறி இறங்கின. ஒரு நாள் அந்தப் படியால் மீன்குழம்போடு ஒரு செய்தியும் வந்தது. தியாகலிங்கம் டொரொன்டோவுக்குப் போக நினைக்கிறார். ஜூலை முதலாந் திகதி மொன்றியலில் பாதிச் சனம் கட்டில், மெத்தை, பூனையோடு வீடு மாறும், அந்தக் கூட்டத்தோடு தாங்களும் போவதாம். போவதென்றால் பங்குனி முடிவதற்குள் கிரேக்கக் கிழவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் க்யூபெக் மாகாணமே கனடாவை விட்டுப் போவதா இருப்பதா என்று வாக்குப் போட்டு, மயிரிழையில் இருப்பதென்று தீர்த்திருந்தது. தியாகலிங்கமும் அதே மயிரிழையில் நிற்பதாகத்தான் கௌசலா சொன்னாள். அத்தான் ஒரு வார்த்தை கதைத்தால் மனிசன் இருந்துவிடுவார் என்றும், கதைக்காவிட்டால் போய்விடுவார் என்றும் சொன்னாள்.

புஷ்பவதி அழவில்லை. அழுதிருந்தால் பேரின்பநாயகம் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பார். அவள் வெங்காயத்தை வெட்டிக்கொண்டே, எனக்கு இந்த நாட்டில கீழ ஒரு வீடு இருக்குதெண்டுதான் மேல இருக்கிறன் என்றாள். அவருக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. ஏழு வருடத்துக்கு முன்பு, மிராபெல் விமான நிலையத்தின் கதவு திறந்து, தை மாதக் காற்று அவருடைய பருத்திச் சட்டைக்குள் புகுந்து மறுபக்கத்தால் வெளியேறியபோது, தன் தடித்த கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டுத் தான் வெறும் சுவெட்டரோடு கார் வரைக்கும் ஓடியவன் தியாகு. பல்லுக் கிட்டிப்போய், வாங்க அண்ணன் என்பதைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. அப்படிப்பட்டவன் காற்றைத் திறப்பானா என்று ஒரு நாள் காலை முகம் மழிக்கும்போது அவருக்குத் தோன்றியது. ஆனால் ஆணியில்லை. ஆணியில்லாவிட்டால் ஆள்தானே.

பொங்கல் கழிந்த வாரம் அதிசயம் நடந்தது. குளிர் திடீரென்று கையை எடுத்துக்கொண்டது. கூரையில் தொங்கிய பனிக்கட்டிகள் சொட்டுச் சொட்டாக அழத் தொடங்கின, ஒழுங்கையில் ஆறு ஓடியது, கிரேக்கக் கிழவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பேரின்பநாயகம் வேலைக்குப் போகக் காருக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். டயர்கள் நிமிர்ந்து நின்றன. காற்றளவியைக் குத்தினார். முப்பதுக்குப் பக்கத்தில் காட்டியது. நாலையும் குத்தினார். நாலிலும் அதே.

திறந்தவனே வந்து அடித்துவிட்டான்.

அன்றைக்கு அவர் தொழிற்சாலைக்குப் போன விதத்தைப் பார்த்தவர்கள் கார் நிலத்தில் ஓடவில்லை என்று சாட்சி சொல்லுவார்கள். தியாகுவுக்கு மனம் மாறிவிட்டது. வெட்கத்தில் சொல்லாமல் செய்திருக்கிறான். சொல்லாமல் செய்ததற்குச் சொல்லாமல்தான் திருப்பிச் செய்யவேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். தியாகலிங்கம் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர், விடிவதற்கு முன்பே கார் எடுத்துப் போய்விடுவார். பேரின்பநாயகம் அவருடைய பக்கத்தில் குவிந்து ஈரத்தில் ஈயமாகக் கனத்துக் கிடந்த பனியை முழுதாக வெட்டி அள்ளினார். இமயமலையின் ஒரு மூலை இருக்கும். இடுப்பு இரண்டு நாளைக்கு அவரைத் தன் சொந்தக்காரனாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கீழேயும் ஏதோ இளகியிருந்தது. மாசி மாதம், கௌசலாவின் மகள் கௌரியின் பிறந்தநாளுக்கு அத்தானும் வரவேண்டும் என்று டெலிபோனில் அழைப்பு வந்தது. பலூன் வாங்குவது பெரியப்பாவின் பொறுப்பு என்று கௌரியே வாங்கிப் பேசினாள், பாதி பிரெஞ்சில். அன்று இரவு பேரின்பநாயகம் புஷ்பவதியிடம், டொரொன்டோவுமில்லை ஒன்றுமில்லை, பார், கேக்கை வெட்டி முடியிறதுக்குள்ள அவனைக்கொண்டே சொல்லவைக்கிறன் என்றார்.

பிறந்தநாளன்று காலை குளிர் திரும்பி வந்தது. போன தடவை விட்டுப்போன சாமானை எடுக்க வந்தது போலக் கோபமாக வந்தது. பூச்சியத்துக்கு இருபத்தெட்டுப் பாகை கீழே. வாசலுக்கு வெளியே துப்பினால் நிலத்தில் சில்லறை விழுந்த சத்தம் கேட்கும். பேரின்பநாயகம் காருக்கு வந்தார். டயர்கள் நாலும் சப்பிப்போய்க் கிடந்தன. இருபத்துநாலு இறாத்தல்.

அவர் அங்கேயே நின்றார். கோபம்கூட உடனே வரவில்லை, முதலில் வந்தது வெட்கம். மனம் மாறியவன் என்று நம்பி இடுப்பை முறித்துக்கொண்ட வெட்கம். வீட்டுக்கு அழைத்துவிட்டு, அழைத்த அன்றைக்கே திறந்துவிட்டிருக்கிறான். கேக் வெட்டி முடிந்ததும் எல்லாச் சனத்துக்கும் முன்னால் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். கேட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர்கள் போய்விடுவார்கள். போகட்டும்.

அந்த டயரில் ஓடமாட்டேன் என்று நடந்தே ஜான்-டலோன் வீதிக்குப் போனார். கடைக்காரப் பெண் பொன்ஜூர் சொல்லி, பத்துப் பலூன்களை வாயுவில் ஊதிக் கட்டிக் கொடுத்தாள். பளபளவென்று, பூசணிக்காய் அளவில், கையை மேலே இழுத்துக்கொண்டு நின்றன. வெளியே வந்து இரண்டு சந்தி கடந்தபோது நூலில் இழுவை குறைந்தது போலிருந்தது. அண்ணாந்து பார்த்தார். பலூன்கள் சுருங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது சந்தியில் அவை தோளுக்கு இறங்கின. வீட்டுச் சந்தியில், வாடிய கத்தரிக்காய்க் குலை ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிற மனிதனாக அவர் இருந்தார். அந்தக் கடைக்காரியும் ஏமாற்றிவிட்டாள். இந்த ஊரில் எல்லாரும் தன்னிடம்தான் காற்றைத் திருடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

முன்கதவைத் திறந்து உள்ளே வந்து சாத்தினார். படிக்கட்டின் அடியில் ஹீட்டர் இருந்தது. சப்பாத்தின் பனியைத் தட்டுவதற்காகக் கடைசிப் படியில் உட்கார்ந்தார். ஒரு சப்பாத்தைத் தட்டி மற்றதைக் கழற்றுவதற்குள் கன்னத்தில் ஏதோ தட்டியது. பலூன். அது நிமிர்ந்துகொண்டிருந்தது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைய, குலை முழுவதும் மெல்லப் பருத்து, எழும்பி, கூரையில் போய் முட்டி நின்றது. யாரும் அதன் பக்கத்தில் வரவில்லை. யாரும் ஊதவில்லை.

பேரின்பநாயகம் கையில் ஒற்றைச் சப்பாத்தோடு வெகுநேரம் இருந்தார். ஆணியுமில்லை, ஆளுமில்லை. ஐம்பது வருடமாக அவர் அறிந்திராத மூன்றாவது ஒன்று, வீடு நிறைய, தெரு நிறைய, நாடு நிறைய இருந்திருக்கிறது.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றது. தியாகு திறக்கவில்லை என்றால் தியாகு அடிக்கவும் இல்லை. தை மாதத்தில் டயர் நிமிர்ந்து நின்ற அந்தக் காலையும் வெறும் காலநிலைதான். திறக்கவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அடிக்கவில்லை என்பது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு பிழையை மன்னித்துவிட்டேன் என்று இடுப்பு நோவோடு பெருமைப்பட்டாரே, மன்னிக்கப் பிழையும் இல்லை, நன்றி சொல்ல உதவியும் இல்லை. மூன்று மாதம் வாழ்ந்ததில் உண்மையாக நடந்தது தீபாவளியன்று வாயில் முறுக்கோடு தான் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும்தான்.

பலூன்களோடு கீழ்வீட்டுக்குப் போனார். கௌரி பாய்ந்து வந்து ஒன்பதைப் பறித்துக்கொண்டாள். தியாகலிங்கம் சுவரோரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். பேரின்பநாயகம் பத்தாவது பலூனோடு அவருடைய முழங்கையைப் பிடித்துப் பின்பக்கப் பல்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன அண்ணன், புள்ளைட பலூனைக் கொண்டு எங்க போறீங்க?"

"நீ கதையாத. பார்த்துக்கொண்டு நில்லு."

பலூன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது. ஓட்டையா என்று தியாகலிங்கம் கேட்டார். பேரின்பநாயகம் அதை உள்ளே கொண்டுபோய் அடுப்பங்கரை ஹீட்டருக்கு மேல் பிடித்தார். அது பருத்தது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. மூன்றாவது தடவை தியாகலிங்கம் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற இரண்டு கார்களையும் குனிந்து பார்த்தார்.

"என்ட காரும் அப்படித்தான்" என்றார் மெதுவாக. "நாலு டயரும். தீபாவளிக்குப் பிறகு. நான் நீங்களெண்டுதான்..."

தன்னுடைய கையைப் பார்க்கச் சொன்னது ஏனென்று பேரின்பநாயகத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

"இண்டைக்கும் விடிய பார்த்தன்" என்றார் தியாகலிங்கம். "கேக் வெட்டின மறுகா எல்லாருக்கும் முன்னால உங்களைக் கேக்க இருந்தன்."

"நானுந்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு வாயிலிருந்து புகையாக வந்து கம்பியில் படிந்தது. பிறகு தியாகலிங்கத்தின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. பேரின்பநாயகம் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"அப்ப பொங்கலுக்குப் பிறகு எனக்குக் காத்து அடிச்சு வச்சது நீங்க இல்லையா?"

ஓம், நான்தான் என்று சொல்வதற்கு ஒரு மூச்சுப் போதும். அந்த ஓம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. ஒரு பொய்யான பகையை எடுத்துவிட்டாயிற்று, ஒரு பொய்யான உதவியை விட்டுவைத்தால் யாருக்கு என்ன நட்டம். ஆனால் அடுத்த குளிருக்கு அதுவும் சப்பிப்போகும் என்று பேரின்பநாயகம் நினைத்தார்.

"இல்ல தம்பி. அதுவும் வெதர்தான். நீ எனக்கு அடிச்சதெண்டு நானும் நம்பிக்கொண்டு இருந்தன்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா உன்ட பக்கத்துப் பனியை வெட்டி அள்ளினது நான்."

"அதையா? அது மழைக்குக் கரைஞ்சு போச்செண்டு நினைச்சன்."

"கரைஞ்சதா? என்ட இடுப்பைக் கேட்டுப் பாரு."

"அப்ப இந்தப் பின்படிக்கு ஒவ்வொரு நாளும் உப்புப் போட்டது ஆரெண்டு நினைச்சீங்க?"

"வீட்டுக்காரன்."

"அந்தாள் தன்ட சூப்புக்கே உப்புப் போடாது."

கதவைப் பாதி திறந்துகொண்டு கௌசலா கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் புஷ்பவதி.

"நல்ல கதெ அக்கா" என்றாள் கௌசலா. "குளிர் செஞ்சதையெல்லாம் மனிசன் செஞ்சதாம். மனிசன் செஞ்சதையெல்லாம் மழை செஞ்சதாம். உள்ள வாங்க ரெண்டு பேரும், வீட்டுச் சூடெல்லாம் போகுது."

கேக் வெட்டினார்கள். தகரப் பெட்டி என்று சொன்னது பிழை என்று பேரின்பநாயகம் சனத்துக்கு நடுவில் சொன்னார், சொல்லும்போது வாயில் ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். தியாகலிங்கம் தலையை ஆட்டினார். டொரொன்டோவைப் பற்றி யாரும் கதை எடுக்கவில்லை. புஷ்பவதி படியேறும்போது ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேளாமை அவர்களோடு மேலே வந்து, கட்டிலின் நடுவில் படுத்துக்கொண்டது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் கண்ணைக் குத்தியது, குளிர் மற்ற எல்லாவற்றையும் குத்தியது. பேரின்பநாயகம் கால் பம்ப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தார். சபதம் முடிந்துவிட்டது. திறந்தவன் வானத்தில் இருந்தான், அவன் வந்து அடிக்கப் பங்குனி தாண்டும். தன் டயர் நாலுக்கும் அடித்து முடிக்கும்போது தியாகலிங்கம் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"குளிருக்க வச்சுத்தான் அளக்க வேணும்" என்றார் பேரின்பநாயகம், நேற்றுப் பிறந்த அறிவோடு. "ஓடி வந்த சூட்டில அளந்தா பொய் சொல்லும்."

தியாகலிங்கத்தின் முதல் டயரில் குழாயைப் பூட்டினார். காலைப் பம்பில் வைத்தவர் மிதிக்கவில்லை. பழுப்புக் காரின் கதவைத் திறந்து, விளிம்பில் ஒட்டியிருந்த தாளைக் கையுறையால் துடைத்துப் பார்த்தார். அவருடைய காரில் இருந்த அதே இரண்டு எண்கள்தான்.

"தியாகு" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "சும்மா இஞ்ச ஓடித்திரியிறதெண்டா முப்பத்திரண்டு. ஆளும் சாமானும் ஏத்திக்கொண்டு தூரம் போறதெண்டா முப்பத்தஞ்சு. எவ்வளவு அடிக்க?"

மேலே அடுப்பங்கரை ஜன்னலில் புஷ்பவதியின் முகமும், கீழே அதே ஜன்னலில் கௌசலாவின் முகமும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. தியாகலிங்கம் டயரைப் பார்த்தார். பக்கத்துக் காரைப் பார்த்தார். உப்புப் போட்டிருந்த படியைப் பார்த்தார். தை மாதம் பேரின்பநாயகம் வெட்டி அள்ளிய இடத்தில் புதுப் பனி கொஞ்சம் விழுந்திருந்தது, அதையும் சப்பாத்து நுனியால் தள்ளிப் பார்த்தார். பேரின்பநாயகத்தின் மூக்கு நுனியில் ஒரு துளி உறைந்து, கண்ணாடி மூக்குத்தியாக மின்னத் தொடங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"கனக்க அடிச்சா வழுக்கும் அண்ணன்" என்றார் தியாகலிங்கம் கடைசியில். "முப்பத்திரண்டு காணும்."

பேரின்பநாயகம் மிதிக்கத் தொடங்கினார்.